கிரிக்கெட் மட்டையின் எடையும் பந்துவீச்சின் வரலாறும்

கிரிக்கெட் சட்டங்கள் மட்டையின் அளவுகளைக் கண்டிப்புடன் வரையறுத்திருக்கின்றன. கைப்பிடியையும் சேர்த்து மட்டையின் நீளம் 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அகலம் 4.25 அங்குலத்துக்கு மேற்படக் கூடாது. 2017 முதல் விளிம்பின் தடிமன் 40 மில்லிமீட்டரையும், முதுகுமேடு உட்பட மட்டையின் மொத்தப் பருமன் 67 மில்லிமீட்டரையும் மீறக் கூடாது. பந்தின் எடைக்கு 1744-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட முதல் சட்டத்தொகுப்பிலேயே வரம்பு வந்துவிட்டது. மட்டையின் எடைக்கு மட்டும் இன்றுவரை எந்த வரம்பும் இல்லை. சட்டம் தொடாமல் விட்ட அந்த அளவைத் தலைமுறை தலைமுறையாகத் தீர்மானித்தவர்கள் பந்துவீச்சாளர்களே என்பதும், பந்து வந்த விதம் மாறிய போதெல்லாம் மட்டையின் எடையும் ஏறி இறங்கியது என்பதும், இந்த ஆட்டத்தின் முந்நூறு ஆண்டு வரலாற்றை ஊன்றிப் பார்ப்போருக்குப் புலப்படும்.

மட்டையின் எடை இன்றும் பவுண்டு, அவுன்சுக் கணக்கிலேயே சொல்லப்படுகிறது. ஒரு பவுண்டு ஏறத்தாழ 454 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கான அவுன்சு 28 கிராமுக்குச் சற்று மேல். இக்காலத்தில் வளர்ந்த ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் 2 பவுண்டு 7 அவுன்சுக்கும் 3 பவுண்டுக்கும் இடைப்பட்ட மட்டைகளைக் கையாளுகின்றனர். ஓர் அவுன்சு என்பது சிறிய அளவாகத் தோன்றினாலும், நீண்ட கைப்பிடியின் மறுமுனையில் அது கூடும்போது மணிக்கட்டு அதை உடனே உணர்ந்துவிடும்.

தரையோடு வந்த பந்து

18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கென்ட், சசெக்ஸ், சர்ரே உள்ளிட்ட தென்கிழக்கு இங்கிலாந்துப் பகுதிகளில் ஆடப்பட்ட கிரிக்கெட்டில், பந்துவீச்சாளர்கள் கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டனர். அண்டர்ஆர்ம் எனப்படும் இந்த வீச்சில் பந்து எழும்புவதில்லை. ஆகவே மட்டையாளர் அதன் திசையைக் கணித்தால் போதும், உயரத்தைக் கணிக்க வேண்டியதில்லை. அந்த ஆட்டத்துக்கு ஏற்ப மட்டையும் ஹாக்கி மட்டையைப் போல அடியில் வளைந்து, எடை முழுவதும் அவ்வளைவில் திரண்டிருந்தது. ஜான் சிட்டி என்பவருக்கு உரியதாயிருந்து, இப்போது லண்டன் ஓவல் மைதானத்தில் பாதுகாக்கப்படும் 1729-ஆம் ஆண்டு மட்டை இவ்வகையைச் சேர்ந்தது. இன்று எஞ்சியுள்ள மட்டைகளுள் அதுவே மிகப் பழையது என்பர். அந்நூற்றாண்டின் மட்டைகள் சில 5 பவுண்டு, அதாவது இரண்டேகால் கிலோ வரை கனத்தன. தரையை ஒட்டி வரும் பந்தைத் தாழ்வாக வீசியடிக்க அந்தக் கனம் தடையாக இல்லை. அடியின் வலிமைக்கு உதவியாகவே இருந்தது.

1760-களில் பந்தைக் காற்றில் எறிந்து மட்டையாளருக்கு முன்னே தரையில் குத்தச் செய்யும் முறை பரவியது. குத்தி எழும் பந்துக்கு எதிரே வளைந்த மட்டை பயனற்றுப் போனதால், அடிப்பாகம் நேரான மட்டை தோன்றியது. ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் சங்கத்துக்காக ஆடிய பீட்டர்ஸ்ஃபீல்டு ஊர் ஜான் ஸ்மால், செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து மட்டையும் பந்தும் செய்யும் தொழிலுக்கு மாறியவர்; நேர்மட்டையை உருவாக்கிய முன்னோடி என்று அவரையே வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். நேர்மட்டை பந்தைத் தடுத்தாடும் கலைக்கு வழிகோலியது. 1771 செப்டம்பரில், செர்ட்சி அணிக்காக ஆடிய தாமஸ் வைட் விக்கெட்டையே மறைக்கும் அகலத்தில் ஒரு மட்டையுடன் களமிறங்க, ஹாம்பிள்டன் வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன் விளைவாக 4.25 அங்குல வரம்பு எழுந்தது. 1774-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெற்றது. மட்டைகளை நுழைத்துப் பார்க்க ஹாம்பிள்டன் சங்கத்தார் இரும்பில் ஓர் அளவுச்சட்டமும் செய்து வைத்திருந்தனர். அகலத்தைக் கட்டுப்படுத்திய அக்காலத்தவர் எடையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. கனத்த மட்டையால் பந்துவீச்சாளருக்கு அநீதி நேர்வதாக அவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

பந்து எழும்பத் தொடங்கிய பின்னரும் கனத்த மட்டை உடனே மறைந்துவிடவில்லை. 1820-இல் லார்ட்ஸ் மைதானத்தில் எம்.சி.சி. அணிக்காக நார்ஃபோக் அணியை எதிர்த்து வில்லியம் வார்டு 278 ஓட்டங்கள் குவித்தார். முதல்தர ஆட்டங்களில் பதிவான முதல் இரட்டைச் சதம் அது. அவர் பயன்படுத்திய மட்டை 4 பவுண்டு கனத்தது. இன்றைய சராசரி மட்டையைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ள அந்த மட்டையால் நெடுநேரம் ஆட முடிந்ததற்குப் பந்துவீச்சே காரணம். வீச்சு இன்னும் தாழ்ந்த கையிலிருந்தே வந்தது. பந்தின் வேகமும் எழுச்சியும் மட்டையாளர் முன்காலில் சென்று நேராக ஆடக்கூடிய எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் இருந்தன.

உயர்ந்த கை, குறைந்த எடை

அந்த நிலை அதிக காலம் நீடிக்கவில்லை. 1822-இல் கென்ட் அணியின் ஜான் வில்ஸ் கையைத் தோள்மட்டத்துக்குப் பக்கவாட்டில் உயர்த்தி வீசும் ரவுண்ட்ஆர்ம் முறையை லார்ட்ஸ் மைதானத்தில் கையாண்டபோது நடுவர் அதை நோபால் என அறிவித்தார். வில்ஸ் சினந்து குதிரையேறி மைதானத்தை விட்டே வெளியேறினார். அவர் தோற்றாலும் அவருடைய முறை வென்றது. 1828-இல் முழங்கை உயரம் வரையும், 1835-இல் தோள் உயரம் வரையும் கையை உயர்த்தச் சட்டம் இடமளித்தது. 1864-இல் தலைக்கு மேலிருந்து வீசும் ஓவர்ஆர்ம் முறையும் ஏற்கப்பட்டது. கை உயர உயரப் பந்து குத்தியபின் எழும் உயரமும் கூடியது. உருளை போட்டுச் சீராக்கப்படாத அக்காலத்து ஆடுகளங்களில் ஒரே இடத்தில் குத்திய இரு பந்துகளில் ஒன்று கணுக்காலுக்கும் மற்றொன்று மார்புக்கும் வரக்கூடும்.

இந்தப் பந்துவீச்சுக்கு எதிரே 4 பவுண்டு மட்டை உதவவில்லை. மார்புக்கு எழும் பந்தைக் குறுக்கே வெட்டியாடவும், உடலை நோக்கி வரும் பந்தைக் கடைசி நொடியில் திசைதிருப்பவும், தவறாகக் கணித்த அடியைப் பாதியில் நிறுத்தவும் மட்டை கையின் சொற்படி கேட்க வேண்டியிருந்தது. அக்காலத்திலேயே கால்காப்பும் கையுறையும் பரவின. மட்டையும் இளைக்கத் தொடங்கி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் 2 பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட எடையை வந்தடைந்தது.

எடைக் குறைப்புக்கு மட்டை செய்வோரின் தொழில்நுட்பமும் துணைநின்றது. ஒரே மரத்துண்டில் செதுக்கிய பழைய மட்டை, வேகமான பந்து பட்டதும் கைக்கு அதிர்ச்சியைக் கடத்தியது. கைப்பிடி முறிவதும் உண்டு. ஆகவே கைப்பிடியைத் தனியே செய்து, மட்டையின் தோளில் ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டிய பிளவில் பொருத்தி ஒட்டும் முறை வளர்ந்தது. கைப்பிடிக்குத் திமிங்கிலத்தின் தாடைத் தகடும், பின்னர் பிரம்பும், அவற்றுக்கிடையே ரப்பர்ப் பட்டைகளும் சேர்க்கப்பட்டன. புகழ்பெற்ற பொறியாளர் புரூனலின் மாணவரும் செவர்ன் ரயில் சுரங்கத்தின் பொறியாளருமான சார்லஸ் ரிச்சர்ட்சன் 1880-களில் இம்முறைக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார் என்பர். பிரம்பு எடை குறைந்தது, அதிர்வை உறிஞ்சுவது. கைப்பிடிப் பக்கத்தில் மிச்சமான எடையை அடிக்கும் பகுதிக்கு மாற்ற மட்டைத் தச்சர்களால் முடிந்தது.

அடிக்கும் பகுதி இங்கிலாந்தின் வில்லோ மரத்தால் ஆனது. எசெக்ஸ், சஃபோக் பகுதிகளின் ஈரநிலங்களில் வளரும் இம்மரம் பதினைந்து முதல் இருபது ஆண்டுகளில் வெட்டத் தயாராகும். கனம் குறைவு, நார் உறுதியானது, அழுத்தத்தைத் தாங்கி மீளக்கூடியது. வெட்டிய துண்டுகளைப் பல மாதங்கள் உலரவைத்து ஈரம் போக்கியபின், இரும்பு உருளைகளுக்கிடையே செலுத்தி அடிக்கும் முகத்தை இறுக்குவர். ஒரே அளவுக்குச் செதுக்கிய இரு மட்டைகள் வெவ்வேறு எடையில் அமைவதற்கு மரத்தின் அடர்த்தியும் எஞ்சிய ஈரமுமே காரணம். காஷ்மீரில் வளரும் வில்லோ ஆங்கில வில்லோவைவிட அடர்ந்தது; அம்மட்டைகள் ஒரே பருமனில் கூடுதலாகக் கனப்பதன் காரணம் இதுவே.

இரண்டு ஆஸ்திரேலியர்கள்

எடைக்கும் பந்துவீச்சுக்கும் உள்ள உறவை 1920-களிலும் 30-களிலும் ஒரே அணியில் ஆடிய இரு ஆஸ்திரேலியர்களின் ஆட்டம் தெளிவாகக் காட்டுகிறது. விக்டோரியாவின் பில் பான்ஸ்ஃபோர்டு, 2 பவுண்டு 10 அவுன்சு எடையுள்ள தம் மட்டைக்கு முதல் உலகப் போரின் பெரும் பீரங்கியான ‘பிக் பெர்த்தா’வின் பெயரைப் பெற்றுக் கொடுத்தவர். அக்கால வழக்கத்தில் அது கனத்த மட்டை. சுழற்பந்தையும் மிதவேகத்தையும் அவர் அந்த மட்டையால் ஈவிரக்கமின்றி நொறுக்கினார். முதல்தர ஆட்டங்களில் 429, 437 என இருமுறை 400-ஐக் கடந்தார். ஆனால் இங்கிலாந்தின் ஹெரால்டு லார்வுட்டின் அதிவேகம் அவரைத் திணறடித்தது. 1928 டிசம்பரில் சிட்னி டெஸ்டில் லார்வுட்டின் பந்து அவருடைய கை எலும்பை முறித்தது. பிற்காலத்தில் அதே வீச்சுக்கு எதிரே, மட்டையைத் தூக்குவதைவிட உடலைத் திருப்பி முதுகில் அடிவாங்குவதையே பலமுறை அவர் தேர்ந்தெடுத்தார்.

டான் பிராட்மேனின் மட்டை ஏறத்தாழ 2 பவுண்டு 2 அவுன்சே இருந்தது. உடலைக் குறிவைத்து வீசப்பட்ட 1932-33 தொடரில், லெக் பக்கம் நகர்ந்து, ஆள் குறைவாக நின்ற ஆஃப் பக்கத்தில் பந்தை வெட்டியாடும் துணிவான வழியை அவர் கையாண்டு, அந்தத் தொடரிலும் 56.57 ஓட்டச் சராசரியை எட்டினார். கண்ணும் காலும் அவருக்கு வாய்த்தது போல வேறெவருக்கும் வாய்க்கவில்லை என்பது உண்மை. இருவரின் வேறுபாட்டுக்கு மட்டையின் எடை ஒன்றையே காரணமாக்க இயலாது. எனினும் நினைத்த மாத்திரத்தில் திசைமாற்றக்கூடிய இலேசான மட்டை இல்லாமல் அவ்வகை ஆட்டத்தை எவராலும் ஆடியிருக்க முடியாது.

நேரமும் நிறையும்

இந்த உறவின் அடிப்படை எளிய இயற்பியலே. பந்துவீச்சாளரின் கையிலிருந்து மட்டையாளரின் கோடு வரை ஏறத்தாழ 17.7 மீட்டர் தொலைவு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அத்தொலைவை ஏறக்குறைய அரை நொடியில் கடக்கும். 85 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சுழற்பந்து முக்கால் நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அந்த அரை நொடியின் பெரும்பகுதி பந்தின் நீளத்தைக் கணிப்பதில் கழிய, மட்டையை வீச மிஞ்சும் நேரம் மிகச் சிறிது. கனத்த மட்டைக்காரர் முன்கூட்டியே வீசத் தொடங்க வேண்டும். முன்கூட்டியே தொடங்கினால் பந்து காற்றில் வளைவதையோ குத்தியபின் விலகுவதையோ கண்டு திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

அடியின் வலிமையிலும் வேறுபாடு உண்டு. வேகப்பந்து தன் வேகத்தைத் தானே கொண்டுவருகிறது. முகத்தைச் சரியான கோணத்தில் காட்டினாலே அது எல்லைக்கோட்டை நோக்கி ஓடும். சுழற்பந்து அவ்வாறன்று, பந்துக்கு வேண்டிய வேகம் முழுவதையும் மட்டையாளரே ஊட்ட வேண்டும். அங்கே வீச நேரமும் இருக்கிறது, கனத்துக்குப் பயனும் இருக்கிறது.

தராசு காட்டும் எடையும் கை உணரும் எடையும் ஒன்றல்ல. மட்டையைப் பின்னுக்குத் தூக்கும்போது உணரப்படும் கனத்தைத் தொழில் வட்டாரத்தில் பிக்-அப் என்பர். எடை கைகளிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அத்தொலைவின் இருமடிப் பெருக்கத்தில் வீச்சுக்கான தடை கூடும். ஆகவே அடியில் திரண்ட எடை, நடுவில் திரண்ட அதே எடையைவிட அதிகமாகக் கனக்கும். பந்து பட்டால் அதிர்வின்றிப் பறக்கும் பகுதியை மட்டையின் நடுப்பகுதி, மிடில் என்பர். பந்து உயர எழும் ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கக் களங்களுக்கு மிடில் உயரமாகவும், பந்து தாழ்ந்து வரும் இந்திய, இலங்கைக் களங்களுக்கு மிடில் தாழ்வாகவும் செதுக்கும் வழக்கம் இதையொட்டி வளர்ந்ததே.

கனம் திரும்பிய காலம்

1960-களுக்குப் பின் எடை மீண்டும் ஏறியது. தென்னாப்பிரிக்காவின் கிரேம் பொல்லாக், மேற்கிந்தியத் தீவுகளின் கிளைவ் லாயிடு ஆகிய உயர்ந்த இடக்கை வீரர்கள் 3 பவுண்டை ஒட்டிய மட்டைகளால் ஆடினர். லாயிடு கைப்பிடியில் ரப்பர் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தடித்த பிடியுடன் மட்டையைப் பற்றுவார். 1975 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவின் லில்லி, தாம்சன் ஆகியோரின் வேகத்துக்கு எதிரே அவர் 85 பந்துகளில் 102 ஓட்டங்கள் எடுத்தார். கனத்த மட்டை வேகத்துக்கு உதவாது என்ற விதிக்கு இது விலக்கு. ஆறடி நாலங்குல உயரமும் நீண்ட கைகளும் உடையவருக்கு 3 பவுண்டு என்பது, நடுத்தர உடலமைப்புடையவருக்கு அது எவ்வளவு கனக்குமோ அவ்வளவு கனப்பதில்லை என்பதையே இவ்விலக்கு உணர்த்துகிறது.

1974-இல் கிரே-நிக்கல்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்கூப்’ மட்டை, முதுகின் நடுவே மரத்தைக் குடைந்தெடுத்து எடையை விளிம்புகளுக்கு நகர்த்தியது. கோல்ஃப் கோல்களிலிருந்து வந்த இக்கருத்தின்படி, விளிம்பருகே நிறை இருந்தால் நடுவில் படாத பந்திலும் மட்டை கையில் முறுக்கிக்கொள்ளாது. எடையின் அளவைப் போலவே எடை நிற்கும் இடமும் முக்கியம் என்பதைப் பொதுமக்கள் கண்ணால் கண்டது இம்மட்டையில்தான். ஒருநாள் ஆட்டமும் 1970-களின் இறுதியில் பரவிய தலைக்கவசமும் கனத்த மட்டைக்கு மேலும் இடமளித்தன. தலைக்கு வரும் பந்தின் அச்சம் குறைய, அடித்தாடும் தேவை கூடியது.

கனத்த மட்டையின் பயனைச் சென்னை ரசிகர்கள் நேரில் கண்டது 1998 மார்ச்சில். சுமார் 3 பவுண்டு 2 அவுன்சு மட்டைக்குப் பெயர்பெற்ற சச்சின் டெண்டுல்கர், சேப்பாக்கம் டெஸ்டின் முதல் இன்னிங்சில் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்னிடம் 4 ஓட்டங்களில் வீழ்ந்தார். அந்தத் தொடருக்கு முன்பே, முன்னாள் லெக் ஸ்பின்னர் லட்சுமணன் சிவராமகிருஷ்ணனைக் கொண்டு, ஸ்டம்புக்கு மறுபக்கத்திலிருந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே பெயர்ந்த மண்ணில் பந்தைக் குத்தச் செய்து அவர் சென்னையில் பயிற்சி எடுத்திருந்தார். இரண்டாம் இன்னிங்சில் வார்ன் அதே வழியில் வீசியபோது, சுழற்சிக்கு எதிராக மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்து, ஆட்டமிழக்காமல் 155 எடுத்தார். சுழலை எதிர்த்து அடிக்கும்போது மட்டை கையில் திரும்பாமல் நிற்க வேண்டும். அங்கே கனம் துணைநின்றது. வேகத்துக்கு எதிரே அவர் அதே கனத்தை வேறுவிதமாகப் பயன்படுத்தினார்: கைப்பிடியைத் தாழ்வாகப் பற்றி, நீண்ட வீச்சைத் தவிர்த்து, பந்தின் பாதையில் மட்டையை நேராக நிறுத்தித் தள்ளினார். கைகளைத் தாழ்வாகப் பற்றுவது மட்டையின் நீளத்தைக் குறைப்பதற்கு ஒப்பானது. உணரப்படும் கனம் அதனால் குறைகிறது.

இருபது ஓவர் ஆட்டம் வந்தபின் தேடல் வேறு திசையில் சென்றது. 2010-இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மேத்யூ ஹேடன், கைப்பிடி நீண்டு அடிப்பகுதி குறுகிய ‘மங்கூஸ்’ மட்டையால் டெல்லியில் 43 பந்துகளில் 93 ஓட்டங்கள் குவித்தார். தடுத்தாடுவதை ஏறத்தாழ முற்றாகக் கைவிட்ட அந்த மட்டை நெடுநாள் நிலைக்கவில்லை. நிலைத்தது, எடையைக் கூட்டாமலே பருமனைக் கூட்டும் உத்தி. மரத்தை மேலும் உலர்த்தி, இறுக்கத்தைச் சற்றுக் குறைத்ததன் மூலம், முன்பு 3 பவுண்டுக்கு மேல் கனத்திருக்கக்கூடிய தடிமனை 2 பவுண்டு 10 அவுன்சுக்குள் அடக்கத் தச்சர்கள் கற்றனர். விளிம்பில் பட்ட பந்தும் எல்லையைத் தாண்டவே, பந்துவீச்சாளருக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய 2017 அக்டோபர் 1 முதல் விளிம்புக்கும் பருமனுக்கும் வரம்பு வந்தது.

மட்டை வாங்குவோருக்கு

இந்த வரலாறு இன்று மட்டை தேர்ந்தெடுப்போருக்குப் பயன்படும் பாடங்களைத் தருகிறது. புதுப்பந்து வேகத்தைத் தொடக்கத்தில் எதிர்கொள்பவருக்கும், உயர எழும் களங்களில் ஆடுபவருக்கும் இலேசான பிக்-அப்பும் சற்று உயர்ந்த மிடிலும் உதவும். தாழ்ந்த, மெதுவான களங்களில் நடுவரிசையில் இறங்கிச் சுழலை அதிகம் சந்திப்பவருக்கு இரண்டு மூன்று அவுன்சு கூடிய எடையும் தாழ்ந்த மிடிலும் பொருந்தும். கிரிக்கெட் பந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உள்ள டென்னிஸ் பந்துக்குக் கனத்தால் பெரும்பயன் இல்லை. வீச்சின் வேகமே அங்கே முதன்மையானது.

வளரும் பிள்ளைகளின் பொருட்டு இப்பாடம் இன்னும் அழுத்திச் சொல்லத்தக்கது. நம் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் காஷ்மீர் வில்லோ மட்டைகள். அவை இயல்பிலேயே கனப்பவை. வருங்காலத்துக்கும் ஆகட்டும் என்று பெரிய அளவில் அவற்றை வாங்கிக் கொடுக்கும்போது, பிள்ளையின் மேல்கை மட்டையை வழிநடத்த முடியாமல் கீழ்க்கை இழுத்தடிக்கப் பழகுகிறது. நேராக ஆடும் திறன் கைகூடும் முன்பே கெடுகிறது. மேல்கையால் மட்டும் மட்டையைப் பற்றி, பின்னுக்குத் தூக்கி, பந்தைச் சந்திக்கும் இடம் வரை நேராகக் கொண்டுவரப் பிள்ளையால் முடிகிறதா என்று கடையிலேயே சோதித்துப் பார்த்து, முடியாவிட்டால் எவ்வளவு அழகிய மட்டையாயினும் அதை வைத்துவிட்டு ஓர் அளவு சிறியதை எடுப்பதே பெற்றோரும் பயிற்சியாளரும் அப்பிள்ளைக்குச் செய்யும் நன்மை.